கருந்துளைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட மகளுக்கு

எஸ்தர்,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்து, நீ ஜெர்மனியில் போய்த் திறக்கும்போது பார்க்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடிதங்களை ஒளித்துவைக்கிற வேலையை நான் வாழ்க்கையில் ஒரு தடவை செய்தாயிற்று, அது போதும். வியாழக்கிழமை நீ கிளம்புவதற்கு முன்னால் உன் கையில் நேராகவே தருவேன். உடனே படித்தாலும் சரி, கடல் தாண்டிப் போய்ப் படித்தாலும் சரி. வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உன் அப்பா பெட்டியை மூன்றாவது தடவையாக எடைபோட்டு ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைக்கிறார், நான் அதை மறுபடி உள்ளே வைக்கிறேன். அதனால் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், ஆய்வக மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நேற்று பலசரக்குக் கடை அண்ணாச்சி, "பாப்பா அங்கன போயி என்னத்த டீச்சர் படிக்கப் போவுது?" என்று கேட்டார். கருந்துளையைப் பற்றி என்றேன். "தொளையா? அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார். அது இன்னும் யாருக்கும் தெரியாது, அதை யோசிக்கிறவர்களோடு சேர்ந்து யோசிக்கத்தான் போகிறாள் என்றேன். அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே, "உள்ள என்ன இருக்குன்னே தெரியாத விஷயத்துக்குப் பொட்டப்பிள்ளைய இம்புட்டுத் தூரம் அனுப்புதிய. பெரிய மனசுதான் ஒங்களுக்கு" என்றார். என் மனசு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் சிரித்து வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ ப்ளஸ் ஒன் படித்தபோது நான்தான் உன் இயற்பியல் டீச்சர். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று நாம் பேசி வைத்துக்கொண்டோம். ஒருநாளும் நீ அதைத் தவறவிட்டதில்லை. விடுபடு வேகம், அதாவது ஒன்றின் ஈர்ப்பிலிருந்து தப்பிப்போக வேண்டிய வேகம், நடத்திக்கொண்டிருந்த அன்று நீ எழுந்து நின்றாய். "டீச்சர், ஒரு பொருளோட விடுபடு வேகம் ஒளியோட வேகத்தைவிட அதிகமா இருந்தா என்ன ஆகும்?" என்றாய். ஒளிகூட வெளியே வர முடியாது, அதற்குக் கருந்துளை என்று பெயர் என்று சொன்னேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். நீ உட்காரவில்லை. "அப்ப அதுக்கு உள்ள என்ன இருக்கும் டீச்சர்?" என்றாய். அதற்கு என்னிடம் விடை இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "அது பரீட்சையில வராது. உக்காரு" என்றேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பை அடக்கவில்லை. நீ உட்கார்ந்து நோட்டைத் திறந்து, நான் பலகையில் எழுதியதை அப்படியே எழுதினாய். அன்று வீட்டுக்கு வந்து அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

நீ மறக்கவில்லை. மாவட்ட நூலகத்தில் ஏதோ ஒரு பத்திரிகையில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு விஞ்ஞானியின் முகவரியைப் பார்த்து எழுதி வந்து, அவருக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டாய். வீட்டு முகவரி தராமல், பள்ளிக்கூட முகவரியைத் தந்தாய். அப்போதுதான் மதித்துப் பதில் போடுவார்கள் என்று நினைத்தாயாம். தபாலாபீஸில் வேலை பார்க்கிற அப்பாவிடம் கொடுத்து, "எப்பா, ஒங்க கையாலயே முத்திரை குத்தி அனுப்புங்க" என்று சொன்னதும், அவர் அதை ஒரு பெரிய அரசாங்கக் காரியம் போலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அவருக்குக் கடிதம் என்றால் அப்படித்தான். ஆழ்வார்திருநகரிக்குப் போக வேண்டிய ஒரு நேர்முகத் தேர்வு அட்டை வழிதவறி அவர் மேசைக்கு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறிப் போய், அந்தப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் தபால்காரர் சுடலைமுத்து, "பாப்பா பேருக்கு வந்திருக்கு டீச்சரம்மா" என்று என் கையில் கொடுத்தார். நீ அப்போது வேதியியல் வகுப்பில் இருந்தாய். நான் இந்த ஆய்வகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உன் பெயர் எழுதியிருந்த உறையைக் கிழித்தேன். மூன்று பக்கம், கையெழுத்தில். உன்னை முதலில் பாராட்டியிருந்தார். மிகப் பெரிய கருந்துளையாக இருந்தால், அதன் எல்லையைத் தாண்டி விழுகிறவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது, அங்கே சுவரும் இல்லை, கோடும் இல்லை என்று எழுதியிருந்தார். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கோ அவர் மெல்ல மெல்ல நின்றுபோய், எல்லையருகிலேயே மங்கி மறைவதாகத்தான் தெரியுமாம். இரண்டாம் பக்கம் முழுக்க, ஒளி எந்தெந்தப் பக்கம் போக முடியும் என்று காட்டுகிற சாய்ந்த கூம்புகளாகப் படம் போட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில்தான் உன் கேள்விக்குப் பதில். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சமன்பாடுகள் முடிவிலி என்று சொல்கின்றன. அங்கே முடிவிலி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை, அதற்குமேல் அந்தச் சமன்பாடுகளுக்குப் பேசத் தெரியவில்லை என்றுதான் பொருள். எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, நீ இயற்பியல் படித்துவிட்டு வந்தால் சேர்ந்து யோசிக்கலாம், உன் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்தை நான் உனக்குத் தரவில்லை. மின்னோட்டம் பார்க்கிற கால்வனோமீட்டர் ஒன்று ஓடாமல் கிடந்தது, அதன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நீ ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அப்பா சைக்கிளை நிறுத்துமுன்னே, "எப்பா, பெங்களூர்க் கடுதாசி பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்பாய். "இல்லட்டி பாப்பா" என்று அவர் சொல்வார். சொல்லிச் சொல்லி அவருக்கே தாங்கவில்லை. பாளையங்கோட்டை ஆபீஸுக்குப் போய்ப் பைகளைத் தேடச் சொன்னார். சுடலைமுத்துவை எல்லோர் முன்னிலும் கடிந்து பேசினார். கடைசியில் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க டிபார்ட்மெண்ட்லதான் எங்கயோ தவறிப்போச்சு போல. மன்னிச்சுக்க பாப்பா" என்றார். நான் அடுப்பங்கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டே மீனைக் கழுவினேன். நீ அன்று சொன்னதையும் கேட்டேன். "இல்லப்பா, என் கேள்விதான் முட்டாத்தனமா இருந்திருக்கும். அதான் பதில் போடல." இன்றைக்கும் குழாயடியில் மீன் கழுவும்போது அந்த வார்த்தைகள் காதில் விழுகின்றன.

அதன்பிறகு நீ நான் சொன்னபடியெல்லாம் கேட்டாய். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்தாய், நல்ல இடத்தில் வந்தாய். கவுன்சிலிங்குக்காக மெட்ராஸ் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நாம் மூன்று பேரும் நின்றது உனக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் சாமான் கணக்கெடுப்பு நடக்கப்போகிறது என்று அந்த வாரம்தான் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தேன். கிழித்துப் போடவும் மனம் வராமல், கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நான் அமைதியில்லாமல் நிற்பதைப் பார்த்து, நீ என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாய். "எம்மா, நல்லவேளை அந்த ஆளு பதில் போடல. போட்டிருந்தா என் மனசு அங்கனயே கெடந்திருக்கும். இப்ப நிம்மதியா டாக்டருக்குப் படிப்பேன்லா." என்னைச் சந்தோஷப்படுத்த நீ சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. பையைத் திறந்து கடிதத்தை உறையோடு எடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாய். திரும்பவும் முதலிலிருந்து படித்தாய். அப்பா எட்டி உறையின் முத்திரையைப் பார்த்தார். தபாலாபீஸ்காரருக்குத் தேதி பார்க்கத்தானே முதலில் தோன்றும். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீ என்னிடம், "எம்மா, ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. பதில எதிர்பார்க்கேன்னு எழுதியிருக்காரு. என்னைய மரியாதை தெரியாதவன்னு நெனச்சிருப்பாருல்லா?" என்றாய். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. நானாகத்தான், "ஒன் படிப்பு கெட்டுருமேன்னு பயந்துட்டேன்" என்றேன். ரயில் வந்து நின்றது. "நான் ஏறல" என்றாய். அப்பா உன் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சுக்கிட்டியா? இது போனா போனதுதான்" என்றார். நீ தலையாட்டினாய். அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். நாம் பின்னால் போனோம். ரயில் போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. கோபித்துச் சத்தம் போடுகிற மனிதராக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பத்தாம் நாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, "பொறப்படு. சுடலைமுத்துகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நான் பேசுனதுக்கு நான் கேக்கேன். நீ செஞ்சதுக்கு நீ கேளு" என்றார். இந்தப் பகுதி உனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் உன்னிடம் சொன்னதில்லை. தபால்காரர்கள் பை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டு, கடிதம் என்னிடம்தான் இருந்தது, உங்கள்மேல் வீண்பழி வந்துவிட்டது என்று சொன்னேன். சுடலைமுத்து பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் டீச்சரம்மா. நான்தான ஒங்க கையில குடுத்தேன்" என்றார். அப்பா திகைத்துப்போய், "பின்ன அன்னைக்கு நான் அம்புட்டுப் பேச்சுப் பேசுனப்ப ஏன்வே சொல்லல?" என்று கேட்டார். அவர் சொன்னார்: "என்னன்னு சொல்ல அண்ணாச்சி? ஒங்க வீட்டம்மாதான் வச்சிருக்காவன்னு ஆபீஸ் நடுவுல நின்னு சொல்லச் சொல்லுதியளா? டீச்சரம்மா வச்சிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், நாளானா அவுகளே குடுப்பாகன்னு நெனச்சேன். பேச்சு வாங்குனா என்ன, மழையில நனையுத ஆளுதான நாம."

அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை, எஸ்தர். நான் தகுதியில்லாத இடத்தில் ஒருவர் என்னை நம்பிக் காத்திருக்கிறார், அதுவும் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு. அன்றிலிருந்து ஜெபத்தில் நன்றி சொல்லும்போது நான் முதலில் சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் உண்டு. திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் உன் அப்பா என்னோடு பழையபடி பேசினார். "காப்பி குடிக்கியா?" என்றார். பாலத்தைத் தாண்டிக் காப்பி குடித்தோம்.

உன் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. போகாததற்கு உனக்கு நன்றி சொல்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீ உடனே "பரவாயில்லம்மா" என்று சொல்லியிருந்தால் நான் செய்தது சின்னக் காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறந்திருப்பேன். நீ பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு மனுப்போட்டாய், நடந்ததை மறைக்காமல் விஞ்ஞானிக்கு எழுதினாய், என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாய். உனக்கும் ஒருநாள் யாராவது தீங்கு செய்வார்கள். மன்னிப்பது நல்லதுதான். ஆனால் வலிக்கும்போதே வலிக்கவில்லை என்று பொய் சொல்லி மன்னிக்காதே. நாள் எடுத்துக்கொள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, நீ அந்த இரண்டாம் பக்கத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "எம்மா, இந்தப் படம் ஒனக்குப் புரிஞ்சுதா?" ஒரு வருஷமாக மதியச் சாப்பாட்டு வேளைகளில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தவள் நான். "புரியல" என்றேன். இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரு மாணவியிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எனக்கும் புரியல. தள்ளி உக்காரு, ரெண்டு பேருமா பாப்போம்" என்றாய். அன்று மதியம் சோறு வைக்க மறந்துபோனோம். அப்பா வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தார்.

எத்தனை வாரம் அதில் உட்கார்ந்தோம்! புரிந்தது நினைவிருக்கிறதா? எல்லைக்கு வெளியே இருக்கும்வரை மையம் என்பது ஓர் இடம், பக்கத்திலோ தூரத்திலோ இருக்கும். எல்லையைத் தாண்டிவிட்டால் அது இடமாக இல்லாமல், வரப்போகிற ஒரு நேரம் போல ஆகிவிடுகிறது. நாளைக்காலையை யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாதில்லையா, அதுபோல உள்ளே விழுந்தவர் மையத்தைத் தவிர்க்க முடியாது. வெளியே திரும்புவது நேற்றைக்குத் திரும்புவது மாதிரி. அதை முதலில் கண்டுகொண்டவள் நீ. "எம்மா! எந்தப் பக்கம் திரும்புனாலும் முன்னாலதான் இருக்கும்மா அது!" என்று கத்தினாய். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ விதிகளை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். ஒன்று புரிகிறபோது மனிதருக்கு உடம்பு சிலிர்க்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் நடத்திய பாடங்கள் வேறு. அதற்கும் உனக்குத்தான் நன்றி.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிளாட்பாரத்தில் உன் படிப்பு கெட்டுவிடும் என்று பயந்தேன் என்றேனே, அது பாதிதான் உண்மை. நீ டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், சரி. ஆனால் உறையைக் கிழித்த அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பயமில்லை, வெட்கம். உன் கேள்விக்கு நான் "உக்காரு" என்று ஒரு சொல் சொன்னேன். முகம் தெரியாத ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லக் கூசியதை, என்னைவிட ஆயிரம் மடங்கு தெரிந்த அவர் கூசாமல் எழுதியிருந்தார். அதை நீ படித்தால் உன் அம்மா எப்படிப்பட்ட டீச்சர் என்று உனக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் மறைத்தேன். உன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். இத்தனை வருஷமாக இதை நான் உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நாளை சொல்வேன். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

நீ போகிற இடத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். தெரியாது என்று சொல்ல அங்கேயும் கூச்சம் வரும், எனக்கு வந்ததுபோல. சொல்லிவிடு. நீயும் ஒருநாள் யாருக்காவது டீச்சராக நிற்பாய், எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதே. ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்று உனக்குத் தோன்றும்போது, அதில் உனக்கு என்ன ஆதாயம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள். அப்பாவுக்கு மாதம் ஒரு கடிதமாவது எழுது. போனில் பேசினால் அவருக்குப் போதாது, அவருக்குக் கையெழுத்து வேண்டும். உன் பெயருக்கு வருவதை இனி யாரும் பிரிக்க மாட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அந்தக் கேள்விக்கு உன் காலத்திலும் விடை கிடைக்காமல் போகலாம். உன்னைவிடப் பெரியவர்களுக்கும் அது கிடைக்காமலே போயிருக்கிறது என்று நீயே சொல்வாய். ஐந்து வருஷமோ ஆறு வருஷமோ உழைத்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வர நேர்ந்தால், ஊரில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நிற்காதே. ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்கு வா. கதவைத் திறந்ததும் உன்னிடம் நான் கேட்கப்போவது, சாப்பிட்டாயா என்பது மட்டும்தான்.

உன்னைப் பெற்றதற்காக நாள்தோறும் நன்றி சொல்கிற,
அம்மா